சூடாக இருந்த மஞ்சள் டப்பா

அண்ணா,

குமணன்சாவடி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. போன வாரம் அலுவலகம் முடிந்து இறங்கி, கறிவேப்பிலை வாங்கலாம் என்று அந்தப் பக்கம் நடந்தேன். கடைக்காரர் ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு சால்டரிங் செய்துகொண்டிருந்தார். ஈயமும் பேஸ்ட்டும் சேர்ந்து கருகும் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஒரு அம்மாள் என் மேல் மோதிவிட்டு, "இன்னாம்மா, நடு வழில செலையாட்டம் நிக்கிற?" என்று திட்டிக்கொண்டே போனார். கறிவேப்பிலை வாங்காமலே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. துக்கம் எனக்குப் புதிதில்லை. என் அப்பா மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து போனார். அழுதேன், பிறகு தேறினேன். உங்களை நினைத்து நான் இன்னும் ஒழுங்காக அழக்கூட இல்லை. அன்றைக்குத் தூக்கிப் போட்டது அப்படியே உடம்பில் நிற்கிறது. யாரிடமாவது சொன்னால் இறங்குமோ என்னவோ. உங்களிடமே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு நீங்கள் முதலில் வந்தது தண்ணீர் கேனோடு. நாங்கள் தென்காசியிலிருந்து மாற்றலாகி அந்த மூன்றாம் மாடிக்குக் குடிவந்த புதிது. லிஃப்ட் ஓடவில்லை. கேனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்த ஹாலு கீதே சிஸ்டர், கரெக்டா இங்கதான் எங்க தாத்தாவோட பம்பு செட்டு இருந்துச்சு. இப்ப அதே எடத்துக்கு நான் கேன் தூக்கினு வரேன் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். உங்கள் குடும்பம் பயிர் வைத்த நிலத்தில்தான் எங்கள் அடுக்குமாடி நிற்கிறது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. உங்களுக்கு அது வெறும் வேடிக்கை.

அன்று ஹாலில் என் கிதாரும், நானே கட்டிய ஒரு பெடலும் கிடந்தன. காலால் மிதித்தால் கிதாரின் ஓசையைக் கரகரப்பாக மாற்றும் சின்னப் பெட்டி. பாகங்களை வாங்கி, இணையத்தில் படம் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு செய்திருந்தேன். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

"பெடலா? நீங்களே கட்டுனதா?" உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நானும் கட்டுவேன் சிஸ்டர். டிபன் டப்பால. கானா குரூப்ல கிதார் வாசிச்சினு இருந்தேன், அப்போலேந்து."

"இது ஏண்ணா இப்படி இரையுது?"

"எர்த் இல்ல. அதான் கத்துது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க, ரெண்டு நிமிஷம்."

திறந்தீர்கள். ஒரு ஒயரை இழுத்தீர்கள். இரைச்சல் நின்றது. கூடவே கிதாரின் சத்தமும் நின்றுவிட்டது. "மொத்தமா படுத்துகிச்சு" என்று தலையைச் சொறிந்தீர்கள். என் கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சரி செய்து அடுத்த கேனோடு கொண்டு வந்தீர்கள். இரைச்சலும் பத்திரமாகத் திரும்பி வந்தது. பல வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம், குற்றம் பெட்டியில் இல்லை, அதே பிளக்கில் மாட்டியிருந்த மட்டமான செல்போன் சார்ஜரில் என்று. அன்று நாம் இருவரும் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நீங்கள்தான் என்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் செல்வத்தின் ஷெட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். செல்வம் அங்கே இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் கோட்டிங் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட் சும்மா கிடக்கும். கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. பட்டாபிராமிலிருந்து ஜோசப் ரயிலேறி வருவார், கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், சர்ச்சில் வாசிப்பவர். நான்கு பேர். மேஜையில் சால்டரிங் புகை, பக்கத்தில் இட்லிப் பொட்டலம்.

நம் பெடல்களின் நிறம் நம் கையில் இல்லை. அந்த வாரம் செல்வம் எதற்கு வண்ணம் போட்டானோ அதே வண்ணம்தான் நம் டப்பாக்களுக்கும். ஒரு வாரம் எல்லாம் ஜன்னல் கிரில் பச்சை. ஒரு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில் வெள்ளை. ஜோசப் செய்த ஒரு பெடல் கிதாரைவிட ரேடியோவை நன்றாகப் பிடித்தது. அவர் உருகி உருகி வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரோ ஒருவர் நெல்லுக்கு உரம் போடும் முறையைச் சொல்ல ஆரம்பிப்பார். நீங்கள் தரையில் உருண்டு சிரிப்பீர்கள்.

ஒரு சட்டமும் வைத்திருந்தீர்கள். கட்டியவர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். "நீ செஞ்சத நீயே கேட்டா நல்லாத்தான் கீறா மாதிரி இருக்கும். இன்னொருத்தன் காதுல போட்டுப் பாரு" என்பீர்கள். அப்படித்தான் என் பெட்டிகள் உங்கள் வீட்டுக்குப் போயின. அண்ணிக்குச் சத்தம் ஆகாது. "ஊடா இது, மில்லா? நிறுத்துய்யா" என்று அவர் கத்துவதை நீங்கள் நடித்துக் காட்டாத ஞாயிறு கிடையாது. உண்மையில் நீங்கள் அப்படியொன்றும் பெரிய கைகாரர் இல்லை. நீங்கள் கட்டியதில் பாதி கருகும். கருகியதை எங்களிடம் காட்டும்போதும் அதே சிரிப்புதான்.

கடைசியாக நீங்கள் பிடித்துக்கொண்டது எக்கோ. வாசித்ததை விழுங்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லும் பெட்டி. எத்தனை தடவை திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதற்கு அதில் ஒரு திருகு உண்டு. சாதாரணமாக அதை முழுக்கத் திருப்பினாலும் ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுவிடும். அப்படி நிற்பதற்காகவே உள்ளே ஒரு தடை வைப்பார்கள். நீங்கள் அதைப் பிடுங்கிவிட்டீர்கள்.

"அது இல்லன்னா சத்தம் ஏறிக்கிட்டே போகும்ணா. நிக்கவே நிக்காது" என்றேன்.

"அடங்கக் கூடாது சிஸ்டர். அடங்குனா அது இன்னா எக்கோ?"

மாதக்கணக்கில் அது வேலை செய்யவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு, ஸ்கூல் பஸ் மஞ்சளில், பளபளவென்று கொண்டு வந்து வைத்தீர்கள். கேன் வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தியிருந்தீர்கள். இங்கே முடித்துவிட்டு வீடு வீடாகக் கேன் போடும் லைனுக்குப் போக வேண்டும் என்றீர்கள். தோளை அடிக்கடி பிடித்துவிட்டுக்கொண்டீர்கள். "கேன் தூக்கித் தூக்கி மாட்டிக்கினு கீது" என்றீர்கள். யார்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? தினமும் கேன் தூக்குகிறவருக்குத் தோள் வலிக்காதா?

ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். எல்லாத் தந்தியும் சேர்ந்து ஒலிக்கும் ஒரே ஒரு கார்டு. அதை ஓங்கி அடித்துவிட்டு, குனிந்து திருகை முழுக்கத் திருப்பினீர்கள். நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "கேளு" என்றீர்கள்.

கேட்டோம் அண்ணா. அந்த ஓசை போய்த் திரும்பி வந்தது. மறுபடி போய்க் கொஞ்சம் தடித்து வந்தது. தகர ஷெட் முழுக்க அது சுற்றியது. நீங்கள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தீர்கள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஜோசப் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். செல்வம் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான், பார்த்தியா, சாதிச்சிட்டாரு என்பது போல. நான் கட்டை விரலை உயர்த்தினேன். எல்லோரும் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தோம்.

அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நாங்கள் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தோம்.

உங்கள் மடியிலிருந்து கிதார் நழுவித் தரையில் விழுந்தது. அந்த டமாரும் பெட்டிக்குள் போய்த் திரும்பித் திரும்பி வர ஆரம்பித்தது. "அண்ணே, கிதாரு!" என்றுதான் செல்வம் முதலில் கத்தினான். கிதார் உடைந்துவிட்டதே என்று. பிறகுதான் உங்கள் கையைப் பார்த்தோம். அது விழுந்ததைப் பிடிக்க நீளவே இல்லை.

வெளியே இருந்தது உங்கள் வண்டி ஒன்றுதான். பின்னால் கேன்கள். செல்வம் ஏறி அவற்றை இரண்டு கையாலும் ரோட்டில் தள்ளினான். முழுக் கேன்கள், தொப் தொப்பென்று விழுந்து உடைந்து ரோடெல்லாம் தண்ணீர். உங்களைத் தூக்கிப் பின்னால் போட்டோம், செல்வம் ஓட்டினான். உங்கள் தலை என் மடியில். ஜோசப் உங்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டே சத்தமாக ஜெபம் சொன்னார். ஓரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கேன் ஒழுகி, என் புடவை நனைந்து, உங்கள் தலைமுடி நனைந்து... நான் உங்கள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தேன். நீங்கள் ஒரு முறை கண்ணைச் சிமிட்டுவீர்கள் என்று நினைத்தேன். தண்ணீர் பட்டால் யாரும் சிமிட்டுவார்கள் இல்லையா?

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண் சின்ன வயது. "வரும்போதே உயிர் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே முடிந்திருக்கும், நீங்கள் என்ன செய்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது" என்றார். அவர் வாய் அசைவது தெரிந்தது. சொற்கள் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தன.

அண்ணி பக்கத்து வீட்டு ஆட்டோவில் வந்தார். உங்களைப் பார்த்தார். உங்கள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, உடனே எடுத்துவிட்டார். கதறுவார் என்று நான் அவர் பின்னாலேயே நின்றேன். கதறவில்லை. காகித வேலை முடிய நேரமாகும் என்றார்கள். கொஞ்ச நேரம் பெஞ்சில் இருந்துவிட்டு எழுந்தார்.

"கடசியா எங்க குந்தியிருந்தாரு? அந்த எடத்த எனக்குக் காட்டு."

"இப்ப வேணாம் அண்ணி..."

"காட்டும்மா. நான் ஒரு நாளும் அங்க வந்ததில்ல."

நால்வரும் ஆட்டோவில் போனோம். வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டில் தண்ணீர் காய்ந்து, உடைந்த கேன்கள் மட்டும் ஓரமாகக் கிடந்தன. எதிர் ஷெட் வாட்ச்மேன் எழுந்து வந்தார். "இன்னா செல்வம், ஞாயித்துக்கெழமைல மெஷினு போட்டுட்டு எங்க போய்ட்ட? காலைலேந்து ஓடிக்கினே கீது."

செல்வம் திரும்பி என்னைப் பார்த்தான். எந்த மெஷினும் போடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே நின்றான். பிறகு பாதி இறங்கியிருந்த ஷட்டரைத் தூக்கினான்.

அண்ணா, அது நிற்கவில்லை. நீங்கள் காலையில் அடித்த அந்த ஒரே கார்டு அத்தனை நேரமும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது அது கார்டாக இல்லை. கிதார் விழுந்த சத்தம், செல்வத்தின் கத்தல் கிதாரில் அதிர்ந்தது, எல்லாம் கரைந்து, ஒரே இரைச்சலாக, மேலே ஏறி இறங்கி ஏறி இறங்கி... யாரோ பெரிதாக மூச்சு விடுவதுபோல் இருந்தது. ஜோசப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சத்தம் இது?" என்றார் அண்ணி.

ஜோசப்தான் சொன்னார். "அண்ணன் கடைசியா வாசிச்சதுங்க. இன்னும் உள்ள சுத்திட்டு இருக்கு."

அண்ணி உள்ளே போனார். நீங்கள் இருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். நாங்கள் அசையவில்லை. அணைத்தால் போய்விடும். ஒருமுறை அணைத்தால் எந்தப் பெட்டியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அணைக்காமல் எத்தனை நேரம் விடுவது? என்ன செய்வது என்று யாருக்குத்தான் தெரியும்? ஜோசப் போனை எடுத்துப் பதிவு செய்யப் போனார். அண்ணி கையை நீட்டித் தடுத்தார்.

"வாணாம். அது அவரு இல்ல. அது கரண்டு."

பிறகு என்னிடம், "எத்த அமுக்கணும்?" என்றார். நான் காட்டினேன். காலால் மிதிக்க வேண்டிய பொத்தான். அவர் அதைக் காலால் தொடவில்லை. தரையில் மண்டியிட்டு, இரண்டு கட்டை விரலையும் வைத்து, முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினார்.

டக்கென்றது. ஷெட்டில் எதுவும் கேட்கவில்லை.

அண்ணி பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். ஒயர்களைப் பிடுங்கி அதைத் தூக்கினார். இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் என்றைக்கும் மறக்கப் போவதில்லை.

"சூடா கீதும்மா" என்றார். "அவரு கை ஜில்லுன்னு கெடக்குது. இது சூடா கீது."

அப்போதுதான் அவர் கதறினார்.

திரும்பும்போது ஆட்டோவில் அந்த மஞ்சள் டப்பாவை முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் முந்தானைக்குள் கை விட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில், "ஆறிப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உங்களை எடுத்தபோது தெருவே கூடியது. உங்கள் பழைய குரூப் ஆட்கள் வந்து கானா பாடினார்கள். எனக்கு வேறொன்றும் நினைவில்லை. எங்கள் ஹாலில் கேன் இறக்க வேறு ஒருவர் வந்தார். நான் கதவைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கமெல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து. அப்படித்தான் இருந்தது என் மூளை.

நாங்கள் மூவரும் அதன் பிறகு சேரவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. என் சால்டரிங் சாமான்களைப் பரணில் போட்டேன். செல்வத்தை எஸ்டேட்டில் ஓரிரு முறை பார்த்தேன். சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டு, இருவருமே அவசரமாக விலகினோம்.

அந்தக் கடைப் புகை என்னைத் தடுத்து நிறுத்திய மறுநாள், அண்ணியைப் பார்க்கப் போனேன். கேன் வியாபாரத்தை அவர்தான் நடத்துகிறார். அவர் தம்பி வண்டி ஓட்டுகிறார், அண்ணி போனை எடுத்து லைன் பிரிக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார். டீ கொடுத்துவிட்டு, நான் எதையும் கேட்கும் முன்பே அவரே கேட்டார்.

"ஷெட்டுல இன்னும் கூடறீங்களா?"

"இல்ல அண்ணி. அங்க போகவே ஒரு மாதிரி இருக்கு."

"அவரு நெஞ்சு நின்னுச்சு. நீங்க ஏன் நின்னீங்க?" என்றார். கோபமாகத்தான். "ஞாயித்துக்கெழம காலைல குளிச்சிட்டு, டப்பாவ பையில போட்டுக்கினு, அப்டி ஒரு குஷியா கெளம்புவாரு. இப்ப அந்த எடத்துல பூட்டு தொங்குதுன்னா எனக்கு இன்னும் பேஜாரா கீது. போங்க, வாசிங்க."

வீட்டுக்கு வரும் வழியிலேயே செல்வத்துக்கும் ஜோசப்புக்கும் போன் செய்தேன். இருவரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நான் கூப்பிடத்தான் காத்திருந்தார்களோ என்னவோ.

ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது கண்ணை மூடிக்கொண்டு எதையாவது கேட்டால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் கணவர் காதில் ஹெட்போனோடு சாய்ந்தால் போய் உலுக்குகிறேன். முதலில் எரிச்சல்பட்டார், இப்போது என் கால் சத்தம் கேட்டதுமே கையை ஆட்டிக் காட்டுகிறார். ஒருமுறை பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு தூங்கிய யாரோ ஒரு பெண்ணைத் தட்டி எழுப்பிவிட்டேன். அவள் நிறுத்தம் வந்துவிட்டதென்று பதறி எழுந்தாள். மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்ல முடியவில்லை.

நேற்று ஞாயிறு. ஷெட்டில் கூடினோம். ஜோசப் புதிதாக ஒன்று கட்டிக் கொண்டு வந்திருந்தார். கைப்பிடிச் சுவர்க் கம்பிகளின் நீலம். அவர் அமைதியாக வாசிக்க ஆரம்பித்தார். நன்றாக இருந்தது, மிகவும் நன்றாக இருந்தது. செல்வம் சுவரில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கண் மூடியது.

நான் எழுந்து போனதே எனக்குத் தெரியாது. என் கை அவன் தோளில் இருந்தது. செல்வம் கண்ணைத் திறந்தான். எதற்கு என்று கேட்கவில்லை. அவன் கண் நிறைந்திருந்தது.

"கேட்டுக்கினுதான்க்கா கீறேன்" என்றான் மெதுவாக. "நீ பயப்படாத."

ஜோசப் வாசிப்பதை நிறுத்தவில்லை. செல்வம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். நான் கையை எடுக்கவில்லை. அவர் வாசித்து முடிக்கும் வரை, அவன் மூச்சு ஏறி இறங்குவது உள்ளங்கைக்குத் தெரியும்படி, தோளிலேயே வைத்திருந்தேன்.